என் குட்டையில் யார் விட்ட மீன்?

இது நடந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில், என் மாமனாரின் தோட்டத்தில் நடந்தது. ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவையே ஒருநாள் மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை இங்கே வந்து இருங்கள் என்று மாமியார் போனில் கூப்பிட்டார். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய் இறங்கினேன். கொஞ்ச நாள் என்றுதான் போனேன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாப்பாட்டில் குறை இருக்காது. மரியாதை மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். அந்த மரியாதைதான் தொண்டையில் சோறு இறங்க விடாது. என் மாமனார் என்னிடம் நேராகப் பேசுவது இரண்டே விஷயம்தான். "சாப்ட்டீங்களா மாப்ள?" என்பார். "தண்ணி காஞ்சிருக்குது, குளிங்க" என்பார். மற்றபடி எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மாட்டிடம் சொல்வார்.

கொட்டகையில் ஒரு கறவை மாடு நின்றது. தீவனம் வைக்கும்போது, சரியாக என் காதில் விழும்படி, "ஆம்பளன்னா கையில ஒரு வேல இருக்கணும். நான் சொல்றது நெசந்தான?" என்று அதைக் கேட்பார். மாடு பதில் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன். இருவரும் மென்று விழுங்கிக்கொண்டு நிற்போம்.

தோட்டத்தில் ஒரு பண்ணைக்குட்டை இருந்தது. அடியிலும் சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, போர் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து நிரப்பி, அங்கிருந்து மஞ்சளுக்கும் தக்காளிக்கும் சொட்டுநீர் விடுவார்கள். "குட்ட சும்மாத்தான் கெடக்குது. யாருக்காச்சும் கை சும்மா இருந்தா மீனு வுட்டுப் பாக்கலாம்" என்று ஒரு காலை மாட்டுக்குச் சொல்லப்பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் என்னை நம்பி ஒன்று ஒப்படைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. இதில் ஜெயித்தால் நான் இந்த வீட்டு மனிதன், தோற்றால் தண்டச்சோறு. யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்குள் நானே எழுதி ஒட்டிக்கொண்டேன்.

ஆனி மாதம் கட்லாவும் ரோகுவுமாகக் குஞ்சுகள் வாங்கி வந்து விட்டேன். காலையும் மாலையும் தவிடும் புண்ணாக்கும் பிசைந்து போட்டேன். தண்ணீர் நிறம் மாறினால் எனக்கு முகம் மாறும். ஓசூர் வாடகை வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றி வர ஆடியில் சில நாள் போயிருந்தேன். அதைத் தவிர நான் குட்டையை விட்டு நகரவே இல்லை. "குழந்தைய இப்படிப் பாத்துக்கிட்டா எனக்கு எவ்ளோ ஒத்தாசையா இருக்கும்" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

தை பிறந்த சமயம், தீனி போடும்போது ஓரத்தில் வேறு மாதிரி மீன்கள் தெரிந்தன. பச்சையும் கறுப்பும் கலந்த உடம்பு, முதுகில் முள் விரித்த துடுப்பு. கூடையில் கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன். ஜிலேபி கெண்டை. அணையிலும் ஆற்றிலும் கிடைக்குமே, அதே மீன். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் விடாத மீன் என் குட்டைக்குள் எப்படி வந்தது? ஆற்றுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வாய்க்கால் இல்லை, ஓடை இல்லை. பூமிக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் மீனா வரும்?

குஞ்சு விற்றவருக்குப் போன் போட்டேன். "என் புள்ளைங்க மேல சத்தியமாங்க, நான் குடுத்ததுல ஜிலேபி ஒண்ணுகூட கெடையாதுங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று தாடையைத் தடவினார். "கொக்கு கால்ல முட்ட ஒட்டிக்கிட்டு வருமுங்க. நம்மூர்ல கொக்குக்கா பஞ்சம்?" என்றார். அதுவரை அழகாகத் தெரிந்த கொக்குகளை அன்றிலிருந்து விரட்ட ஆரம்பித்தேன். தகர டின்னைத் தட்டிக்கொண்டு குட்டையைச் சுற்றி ஓடும் மாப்பிள்ளையை ஊரே பார்த்தது. கொக்கு குறைந்தது. ஜிலேபி குறையவில்லை.

ஒரு நாள் தூண்டிலில் கொஞ்சம் பெரிய ஜிலேபி ஒன்று மாட்டியது. கையில் பிடித்துக் கொக்கியை எடுக்கும்போது அதன் வாயிலிருந்து பொடிப்பொடியாக எதுவோ கொட்டியது. குனிந்து பார்த்தால் மீன் குஞ்சுகள். உடம்பே தெரியவில்லை, ஒவ்வொன்றும் இரண்டு கண்ணும் ஒரு வாலுமாக மட்டும் துடித்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் தீனியைத் தின்றது போதாதென்று குஞ்சுகளையும் விழுங்குகிறதே என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் செல்போனில் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, அது திங்கலீங்க. அதோட குட்டிங்கதான். பயம் வந்தா வாய்க்குள்ள வெச்சிக் காப்பாத்துமாம்" என்றாள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். தரையில் கிடந்த கண்களை எல்லாம் கையால் வழித்துத் தண்ணீரில் விட்டேன். தாயையும் விட்டேன். விட்ட பிறகுதான், எதிரியின் குடும்பத்துக்கே உயிர்ப்பிச்சை கொடுத்துவிட்டோமே என்று உறைத்தது.

சித்திரையில் வலை போட நாள் குறித்தார் மாமனார். என்னைக் கேட்காமல் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அவர் பெருமையாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காலையிலேயே குட்டைக் கரையில் கல்யாண வீட்டுக் கூட்டம். பெண்கள் மசாலா அரைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். நாலு பேர் இழுத்த வலை கரைக்கு வந்தது. கிலோ கணக்கில் வளர்ந்திருக்க வேண்டிய கட்லா உள்ளங்கை நீளத்தில் சோகையாகக் கிடந்தது. மீதி வலை முழுக்க விரல் நீள ஜிலேபி, எடுக்க எடுக்க ஜிலேபி. யாரோ ஒரு பெரியவர், "மாப்ள மீனுக்குப் பதிலா சென்னாக்குனிப் பொடி எறா வளக்கறாராட்டம் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் தீர்ப்பு வந்தது. "மலிவாக் கெடைக்குதுன்னு எவங்கிட்டயோ கண்ட குஞ்ச வாங்கி வுட்டா இப்படித்தான். ஆடி கழியட்டும். சொட்டுநீர போர்லருந்தே நேரா வுட்டுக்கிட்டு, குட்டைய மூடிட்டு மஞ்சள் போட்டுக்கலாம். அவங்கவுங்க அவங்கவுங்களுக்குத் தெரிஞ்ச வேலைக்குப் போறதுதான் நல்லது." மாடு அசை போட்டது. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றிருந்தேன். குஞ்சு வாங்கியதில் நான் ஏமாற்றவும் இல்லை, ஏமாறவும் இல்லை. ஆனால் வேறு எப்படி வந்தது என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் எப்படி வாதாடுவது? ஒருவேளை விற்றவர் ஏமாற்றித்தான் விட்டாரோ, எனக்குத்தான் குஞ்சு பார்க்கத் தெரியவில்லையோ என்று எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மனைவி என் தட்டில் தோசை வைத்துக்கொண்டே, "ஓசூர் போறதா இருந்தா நாங்களும் வரோம்" என்றாள். வாடகைக்கு வீடு இல்லாமல், வேலை இல்லாமல் எங்கே வருவாள்? "நீங்க இங்கயே இருங்க, நான் மட்டும் போய்ப் பாக்கறேன்" என்றேன். அன்றைக்கு மாமியார் எனக்கு மட்டும் இன்னொரு தோசை கூடுதலாக ஊற்றினார்.

ஆடி கழிய இன்னும் நாள் இருந்தது. அதுவரை இருக்கும் மீனையாவது பெரிதாக்குவோம் என்று தூண்டிலும் கையுமாக உட்கார்ந்தேன். பெரியது மாட்டினால் வீட்டுக் குழம்புக்கு. சின்னது மாட்டினால், பாவம், வளரட்டும் என்று திரும்பத் தண்ணீரில். எல்லோரும் செய்வதுதானே? ஆனால் வாரக்கணக்கில் போனாலும் சின்னது சின்னதாகவே இருந்தது. தீனியைக் கூட்டினேன். எண்ணிக்கைதான் கூடியது.

புரிந்தது மாட்டுத் தொட்டியில். தையில் முதன்முதலாக நான் கூடையில் அள்ளிய ஜிலேபியில் கொஞ்சத்தை, கொசுப்புழு தின்னட்டும் என்று மனைவி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்டுத் தொட்டியில் போட்டிருக்கிறாள். நான் மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் மாடு தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குக் கீழே பெரிதாக ஒன்று புரண்டது. கையை விட்டுத் துழாவினேன். ஒவ்வொன்றும் விரிந்த கையைத் தாண்டி அகலம், பச்சைத் தட்டு போல. குட்டையில் இருப்பவையும் இவையும் ஒரே வயது, ஒரே கூட்டம். இங்கே யாரும் தீனி போடவில்லை. மாட்டின் வாயில் ஒட்டிவரும் தவிடும் பாசியும்தான் சாப்பாடு.

தொட்டியில் இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிட முடிந்தது. குழம்பிக் குழம்பித்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். இங்கே வாய் குறைவு, அங்கே வாய் அதிகம். பெரியதைப் பிடித்துக்கொண்டு சின்னதை விட்டுக்கொண்டிருந்த நான், என் கையாலேயே குட்டையைப் பொடிமீன் காடாக்கியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து தலைகீழாக ஆரம்பித்தேன். சின்னது எல்லாம் வெளியே, பெரியது எல்லாம் தண்ணீருக்குள். பொடிமீனை மாமியார் பொரித்தார், மிச்சத்தைக் கருவாடு போட்டார், கோழிக்கும் போட்டார். பெரிய மீனை முத்தம் கொடுக்காத குறையாக நான் தண்ணீரில் விடுவதை மாமனார் தூரத்திலிருந்து பார்த்தார். "பெருசத் தண்ணில வுட்டுட்டு சிறுசத் தூக்கிட்டு வர ஆள நீ எங்கியாச்சும் பாத்திருக்கறயா?" என்று அன்று மாட்டிடம் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு மூளை குழம்பிவிட்டது என்றே முடிவு செய்திருந்தார்.

இப்படி இருக்கும்போது ஆடிப்பெருக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் தென்பெண்ணைக்குப் போய்க் குளித்து, சாமி கும்பிட்டு, கன்னிமாருக்குப் படைத்துவிட்டு வருவது வழக்கம். போன வருஷம் நான் ஓசூரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்ததால் போகவில்லை. இந்த முறை சின்ன வண்டி ஒன்றைப் பேசி எல்லோரும் ஏறினோம். எனக்கு மனசே இல்லை. ஆடி கழிய இன்னும் பாதி மாதம்தான் என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை. பாறைகளுக்கு இடையில் முழங்கால் ஆழம். படையல் முடிந்ததும் மாமியார் மஞ்சள் பூசிய பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓரத்தில் இறங்கினார். கண்ணை மூடி உதட்டில் எதையோ முணுமுணுத்துவிட்டுக் குடத்தை முக்கி எடுத்தார். "சிந்தாம புடிச்சிக்குங்க மாப்ள" என்று என் மடியில் வைத்தார். வண்டி கிளம்பியது.

மேடு பள்ளத்தில் தண்ணீர் அலம்பியது. சிந்திவிடப் போகிறதே என்று குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் தூசி மாதிரி ஏதோ நகர்ந்தது. கொசுப்புழுவோ என்று நினைத்தேன். இன்னும் குனிந்தேன். தூசிக்குக் கண் இருந்தது. இரண்டு கண்ணும் ஒரு வாலும். அன்றைக்கு அந்தத் தாய்மீனின் வாயிலிருந்து கொட்டியதே, அதே கண்கள்.

குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். "அத்தை, இந்தத் தண்ணி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கா? ஆடித் தண்ணிய வருசா வருசம் நம்ம கெணத்துலதான ஊத்துவேன். கெணறு வத்திப்போச்சி. அதான் போன வருசத்துலருந்து உங்க குட்டையில ஊத்தறது" என்றார் மாமியார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் புள்ளைக்கு ஒரு வழிய காட்டு தாயேன்னு உங்களுக்காக வேண்டிக்கிட்டுத்தான் ஊத்துனேன். அப்பறம் பாத்தீங்களா, குட்ட நெறைய மீனு! எல்லாம் இந்தத் தண்ணி ராசிதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எது முதலில் வரட்டும் என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி இருந்தேன். இத்தனை மாதம் கொக்கை விரட்டினேன், குஞ்சு விற்றவரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன். என்னைத் தோற்கடித்த மீன், எனக்காகச் செய்த வேண்டுதலில் நீந்தி வந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெயர் அந்த வண்டியிலேயே சுத்தமாகிவிடும். சொன்னால் அந்த அம்மாவின் முகம் என்ன ஆகும்? ஆடித் தண்ணீரைப் பழித்துவிட்டு எந்த முகத்தோடு அவர் கையால் சாப்பிடுவேன்? சொல்லாவிட்டால் குட்டை மூடப்படும். நான் ஓசூர் பஸ் ஏற வேண்டியதுதான். சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த மாமனார் குடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. பார்வையை மெதுவாக என் முகத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை மாமியார் மட்டும் பேத்திக்கு ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

குட்டைக் கரையில் மாமியார் குடத்துக்குக் கை நீட்டினார். "இரு, நான் ஊத்தறேன்" என்றார் மாமனார். தோளில் இருந்த துண்டை எடுத்தார். அதைக் குடத்தின் வாயில் போட்டு இறுக்கிக் கட்டினார்.

"இது எதுக்குங்க புதுசா?" என்று மாமியார் கேட்டார்.

"தூசி தும்பு கெடக்குது. சாமி தண்ணி, சுத்தமா ஊத்துவோம்."

துண்டு வழியாகத் தண்ணீர் மட்டும் வடிந்து குட்டையில் விழுந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே குடத்தை நிமிர்த்தினார். மாமியார் கும்பிட்டுவிட்டு வீட்டுப் பக்கம் போனதும் என்னிடம் வந்தார். மாடு பக்கத்தில்தான் கட்டியிருந்தது. அவர் மாட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மாப்ள, இதுங்கள அந்தத் தொட்டியில வுட்டுருங்க. அங்கதான் நல்லா வளருது போலிருக்குது." துண்டை அவிழ்த்துவிட்டுக் குடத்தை என் கையில் கொடுத்தார். "நாளைக்கி சிறுசுங்கள எடுக்கறப்ப என்னையும் கூப்புடுங்க. ஒத்த ஆளா எவ்ளோதான் எடுப்பீங்க?"

அவ்வளவுதான். மன்னிப்பு என்றோ, தப்பாக நினைத்துவிட்டேன் என்றோ அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. தொட்டியில் குஞ்சுகளைக் கொட்டும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அதுவரை எல்லா வழக்கையும் கேட்டது அதுதானே.

ஆடி கழிந்தது. குட்டை மூடப்படவில்லை. மறு சித்திரையில் நாங்கள் பிடித்த ஜிலேபி ஒவ்வொன்றும் தட்டை மறைத்தது. போன வருஷம் கிண்டல் செய்த அதே பெரியவர், "எப்படி மாப்ள இவ்ளோ பெருசாக்குனீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, "எல்லாம் ஆடித் தண்ணி ராசிங்க" என்றார். மாமனார் இருமினார். நான் வலையைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டேன்.

அந்தக் குடம் என்னைக் கவிழ்த்ததா, காப்பாற்றியதா என்று யோசித்தால் இன்றும் எனக்குக் குழப்பம்தான். யாருக்கும் வேண்டாதவனாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டில், நான் இல்லாத நாளில்கூட எனக்காக ஒருவர் ஆற்றில் இறங்கிக் கண்மூடி நின்றிருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம். அதனால்தான் இப்போதெல்லாம் ஆடி பிறந்தால் அந்தப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து அத்தையின் கையில் கொடுப்பது நான், துண்டோடு தயாராக நிற்பது மாமனார்.